பாறசாலை மார்க்கம்

அயல்நாடு காண வேண்டும் என்ற ஆசை தோன்றினால் இக்காலத்துத் தமிழ்க் குடும்பங்கள் சிங்கப்பூருக்கும் சுவிட்சர்லாந்துக்கும் சீட்டு எடுக்கின்றன. கடவுச்சீட்டு, விசா, குளிர்ச்சட்டை என்று மாதக்கணக்கில் ஆயத்தங்கள் நடக்கின்றன. திருநெல்வேலிச் சீமையில் எங்கள் பாட்டனார் காலத்தில் இவ்வளவு பிரயாசை வேண்டியிருக்கவில்லை. வண்டியைப் பூட்டி, கட்டுச்சோற்று மூட்டையை ஏற்றிக்கொண்டு, பணகுடியையும் காவல்கிணற்றையும் கடந்து, காற்று ஊளையிடும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்துவிட்டால் போதும். பிரிட்டிஷ் சர்க்காரின் ஆளுகை முடிந்து திருவிதாங்கூர் மகாராஜாவின் ராஜ்யம் தொடங்கிவிடும். அங்கே நாணயம் வேறு: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், பிரிட்டிஷ் ரூபாயை நீட்டினால் 28½ சக்கரம் எண்ணித் தருவார்கள். தபாலும் வேறு: சமஸ்தானத்துக்குச் சொந்தமான அஞ்சல் இலாகா 1951 வரையில் தனியே இயங்கியது. முத்திரை வலம்புரிச் சங்கு. சட்டம் திவானுடைய சட்டம். இத்தனையும் வேறாக இருந்தும், வழியில் தாகத்துக்கு மோர் கேட்கிறவன் தமிழில் கேட்டுத் தமிழிலேயே விடை பெறலாம் என்பதுதான் அந்த அயல்நாட்டின் விசேஷம்.

அந்த ராஜ்யத்தின் கீழ்க்கோடி இன்று நமக்கு அயலன்று. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாக உருவெடுத்தபோது, ஆரல்வாய்மொழியில் இருந்த எல்லை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மேற்கே நகர்ந்து களியக்காவிளையில் போய் நின்றது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸார் கேட்டார்கள், கிடைக்கவில்லை. ஆகவே, களியக்காவிளைக் கடைவீதியின் கடைசித் தமிழ்ப் பலகையைத் தாண்டி இஞ்சிவிளையில் கால் வைக்கிறவன் கேரளத்துக்குள் வந்துவிடுகிறான். அடுத்த ஊர் பாறசாலை. முழுக் கேரளத்தையும் ஒரே மூச்சில் அளந்து சொல்ல நினைக்கிற மலையாளிகள் ‘காசர்கோடு முதல் பாறசாலை வரை’ என்பார்கள். அவர்களுக்கு அது தென்கோடி, நமக்கு வாசற்படி.

நாகர்கோவிலிலிருந்து காரில் புறப்பட்ட எங்கள் குடும்பத்தில் அம்மாவுக்குப் பாறசாலையில் இருக்கும் தன் ஒன்றுவிட்ட அக்காளைப் பார்க்க வேண்டும். மனைவிக்குப் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு எதைப் பார்ப்பதானாலும் விரைவில் பார்த்து முடிக்க வேண்டும். கைப்பேசியில் இருக்கிற வரைபடமும் பிள்ளைகள் கட்சிதான். காரோட்டிலிருந்து கழக்கூட்டம் வரை போகிற புதிய புறவழிச்சாலையை, அதிலும் முக்கோலை வரையில் சிமெண்டுக் கான்கிரீட்டால் போட்டிருக்கும் வழவழப்பான பகுதியை, அது ஓயாமல் சிபாரிசு செய்துகொண்டிருந்தது. அந்தச் சாலை பாறசாலை, அமரவிளை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களைத் தொடாமலே ஒருவனைத் திருவனந்தபுரத்தில் கொண்டு சேர்த்துவிடும். ஊர்களைத் தொடாமல் செல்வதற்குப் பிரயாணம் என்று பெயரிட எனக்குச் சம்மதமில்லாததால், பழைய சாலையிலேயே போவது என்று தீர்மானமாயிற்று.

மார்த்தாண்டம் தாண்டியதும் பூமியின் நிறம் மாறுகிறது. செம்மண் மேடுகளும், மேடுகளுக்கு இடையே ஒரு காலத்தில் நெல் விளைந்து இப்போது வாழை நிற்கிற பள்ளங்களும், வெட்டுக்கல்லில் எழுப்பிய மதில்களில் பாசி படர்ந்து ஈரம் கசிவதும், வீட்டுக்கு வீடு பலா, புளி, தென்னை, நல்லமிளகுக் கொடி என்று மரங்களே வேலியாக இருப்பதும், கிழக்கே மழை ஓய்ந்த நாட்களில் நீலமாகத் தெரியும் அகஸ்தியர் மலைத்தொடரும் சேர்ந்து, பொட்டல்காட்டிலிருந்து வருகிற எங்களைப் போன்றவர்களின் கண்ணைக் குளிரச் செய்துவிடும். ஆனால் இந்தப் பசுமையில் பெரும்பங்கு இயற்கையின் தானமன்று. ரப்பர் என்னும் வியாபாரத்தின் விளைவு. பட்டையில் சரிவாகக் கீறிய கோட்டின் முனையில் ஒரு சிறு தகரத் தளிர், அதன் கீழே கம்பியில் தொங்கும் சிரட்டை. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டுகிறவர்கள் வந்துபோன பின், நாங்கள் பார்க்கும் வேளையில் சிரட்டையின் விளிம்பு வரை வெள்ளைப் பால் நிரம்பி, கீறலில் மட்டும் ஒட்டுப்பால் நூலாக உறைந்து நின்றது. தை, மாசி மாதங்களில் பழைய இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும்போது இலைக்காம்பில் மதுரம் சுரக்கிறது. தேனீப் பெட்டிகளை மரத்தடியில் வைக்கிறவர்களுக்கு அதுவே பெரும்போகம். மார்த்தாண்டம் தேனின் பெயர் ஊரெங்கும் பரவியதற்கு 1920களில் அங்கே கிராமப் புனருத்தாரணம் செய்ய வந்த ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் ஒரு காரணம். மலைபோல் நிற்கும் ரப்பர் மரங்கள் மற்றொரு காரணம்.

களியக்காவிளைக்கு முன்னே, பிரதான சாலையை விட்டு விலகி முஞ்சிறைப் பக்கம் திரும்பினால் பார்த்திபசேகரபுரம் என்ற பழைய க்ஷேத்திரம் இருக்கிறது. சுற்றுலாப் புத்தகங்கள் அதைச் சட்டை செய்வதில்லை. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866ஆம் ஆண்டில், முஞ்சிறைச் சபையாரிடமிருந்து மாற்றுநிலம் கொடுத்து வாங்கிய பூமியில் விஷ்ணு கோயில் எழுப்பி, 95 சட்டர்கள், அதாவது மாணாக்கர்கள், தங்கிப் படிப்பதற்கு ஒரு சாலையும் நிறுவினான் என்று அவனது செப்பேடு கூறுகிறது. காந்தளூர்ச் சாலையின் முறைமையைப் பின்பற்றிய கல்விச்சாலை அது. சேருகிற மாணாக்கனுக்கு வியாகரணமும் புரோகிதமும் தெரிந்திருப்பதோடு மூன்று ராஜ்யங்களின் விவகாரமும் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள். சேர, சோழ, பாண்டிய எல்லைகள் இழுபறியாகக் கிடந்த ஒரு மூலையில், அண்டை அரசுகளின் நடைமுறை அறியாதவனுக்குச் சோறு கிடையாது என்று விதித்த அந்த அரசனின் விவேகத்தை நான் வெகுவாக மெச்சுகிறேன். இன்றைக்குக் களியக்காவிளையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவருக்கும் இரண்டு ராஜ்யங்களின் விவகாரமாவது தெரியாமல் தீராது: பெட்ரோல் எந்தப் பக்கம் மலிவு, எந்தப் பேருந்து எந்தத் திட்டில் நிற்கும், எந்த அரசு விடுமுறைக்கு எந்தக் கடை அடைப்பு என்பதெல்லாம் அங்கே குழந்தைப் பாடம். லாட்டரிச் சீட்டு விஷயம் இன்னும் சுவையானது. கேரள சர்க்கார் 1967இல் தொடங்கிய லாட்டரியை இன்றும் நடத்துகிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் அதற்குத் தடை. ஆகையால் அதிர்ஷ்டலக்ஷ்மியின் கடாட்சத்தை விரும்புகிற தமிழன் சில கஜ தூரம் நடந்து அயல்நாட்டில் அவளைத் தரிசித்துவிட்டு மத்தியான்னச் சாப்பாட்டுக்குத் தாய்நாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

பெரியம்மையின் வீடு பாறசாலை ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில், இரண்டு ரப்பர் விளைகளுக்கு நடுவே இருந்தது. 1979இல் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு ரயில் ஓடத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பக்கத்தில் வீடுகள் பெருகினவாம். வாசலில் கார் நின்றதுமே, ‘‘மக்களே, கிழங்கு ஆறிப்போவும், கை களுவிட்டு வாங்க, பேசுறதப் பொறவு பேசலாம்’’ என்று உத்தரவு பிறந்துவிட்டது. உப்பும் மஞ்சளும் இட்டு வேகவைத்து நீரை வடித்த மரச்சீனிக் கிழங்கு, வெடித்து மாவாக உதிர்கிற பக்குவத்தில் ஆவி பறக்க வந்தது. அம்மியில் நசுக்கிய காந்தாரி மிளகும் சின்ன உள்ளியும் தேங்காயெண்ணெயில் குழைந்து ஒருபுறம், புளி தூக்கலான சாளைக் கறி மறுபுறம். 1880களின் முற்பகுதியில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கைப் பரப்பியிராவிட்டால், இந்த ஜில்லாவின் ஏழை ஜனங்கள் பஞ்சகாலங்களில் என்ன ஆகியிருப்பார்கள் என்று சொல்வதற்கில்லை. கிழங்குக்குப் பின் மட்டிப்பழம். பெரியம்மை மளிகைக் கணக்கை மலையாளத்தில் எழுதுகிறாள், பேரனை மலையாளத்தில் கொஞ்சுகிறாள், கோபம் வந்தால் தமிழில் ஏசுகிறாள். அவள் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும். பேரப்பிள்ளைகளுக்குக் கேட்டால் விளங்கும். எல்லை நகர்ந்தபோது சாலையில் ஒரு தடிக் கம்பத்தைத்தான் நட்டார்கள். அந்தக் கம்பம் வீட்டுக்குள் வந்து சேர மூன்று தலைமுறை பிடித்திருக்கிறது. ராஜாக்களின் எல்லையை மக்கள் வண்டியில் ஏறிக் கடந்துவிட்டார்கள். பாஷையின் பேரால் போட்ட எல்லையை அவ்வளவு சுலபமாகக் கடக்க முடியவில்லை.

அந்த எல்லை ரத்தம் சிந்தாமல் வந்ததுமன்று. தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரிய கிளர்ச்சியில் 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸார் சுட்டதில் உயிர்ச்சேதம் நேர்ந்தது. அப்போது முதன்மந்திரியாக இருந்த பட்டம் தாணுப் பிள்ளையை, அவருடைய சொந்தக் கட்சியின் பொதுச்செயலாளரான ராம் மனோகர் லோகியாவே ராஜிநாமாச் செய்யச் சொன்னார் என்பது இந்திய அரசியலில் அடிக்கடி காணக் கிடைக்காத சம்பவம். அந்தக் கிளர்ச்சியை நடத்திய நேசமணி போன்ற தலைவர்களின் சிலைகள் எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்கின்றன. அந்தப் பக்கத்தில் அதைப் பற்றிப் பேச்சே எழுவதில்லை. பெரியம்மையிடம் நான் மெல்லக் கேட்டபோது, ‘‘அதெல்லாம் எங்க அப்பச்சிக்குத் தெரியும்’’ என்று சொல்லிவிட்டு அம்மாவிடம் ஒரு கல்யாண விஷயத்தைத் தொடங்கிவிட்டாள்.

இத்தனை எல்லைகளைக் கண்ட ஒரு சாலையில் ஆண்டுதோறும் எவ்விதத் தடையுமின்றிப் போய் வருகிறவர்கள் மூவர் உண்டு. நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரம் தேவாரக்கெட்டுச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகத் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளுகிறார்கள். சரஸ்வதி விக்கிரகம் கம்பர் பூஜித்தது என்று ஐதிகம். அரண்மனை உப்பிரிக்கை மாளிகையில் உடைவாள் கைமாறுகிறது. அரண்மனை இருப்பது தமிழ்நாட்டு மண்ணில், அதைப் பராமரிப்பது கேரளத்தின் தொல்பொருள் இலாகா. ஆகவே இரண்டு சர்க்கார்களின் அதிகாரிகளும் அங்கே கைகட்டி நிற்கிறார்கள். முதல் இரவு குழித்துறை மகாதேவர் கோயில். மறுநாள் களியக்காவிளையில் ஒரு மாநிலத்துப் போலீஸார் வழியனுப்ப மற்றொரு மாநிலத்துப் போலீஸார் மரியாதை அணிவகுப்போடு எதிர்கொள்ள, பாறசாலை வழியாகச் சென்று, இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணசுவாமி கோயில். மூன்றாம் நாள் தலைநகரம். கார் இரண்டு மணி நேரத்தில் போகிற தூரத்துக்குத் தெய்வங்கள் மூன்று நாள் எடுத்துக்கொள்கின்றன. ராஜ்யமே மறைந்து ஜனநாயகம் வந்த பிறகும், ஜில்லா இரண்டாகப் பிளந்த பிறகும் இந்த யாத்திரை நின்றபாடில்லை.

சரஸ்வதி போய் இறங்குவது கோட்டைக்குள் இருக்கிற நவராத்திரி மண்டபத்தில். சுவாதித் திருநாள் இயற்றிய ஒன்பது நவராத்திரி கீர்த்தனங்களும் நாளுக்கு ஒன்றாக அங்கே பாடப்படும், மேலே கவிழ்த்துத் தொங்கவிட்ட மண்பானைகள் ஓசையைச் சீராக்கும், கைதட்டுவதில்லை. கலைமகளே கேட்டிருக்கும் அந்த மண்டபத்தில் பெண்கள் பாடக்கூடாது என்று ஒரு வழக்கம் இருந்தது. பாறசாலையில் 1924இல் பிறந்து, திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் சங்கீதக் கல்லூரியில் முதல் மாணவியாகச் சேர்ந்து, பின்னாளில் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல் பெண் முதல்வருமான பாறசாலை பொன்னம்மாள், 2006ஆம் ஆண்டு நவராத்திரியில் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து பாடி அந்த வழக்கத்தை முறித்தார். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. தன் ஊர் வழியாகச் சரஸ்வதி ஆண்டுதோறும் போவதைப் பார்த்து வளர்ந்த ஒரு பெண், சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிற மண்டபத்துக்குள் பாடப் போய்ச் சேர எடுத்துக்கொண்ட காலத்தில் அந்தத் தேவி எத்தனையோ முறை போய்த் திரும்பிவிட்டாள். 2017இல் பத்மஸ்ரீ விருது வந்தது; 2021இல் அவர் காலமானார். பொன்னம்மாள் பெயரைச் சொன்னதும் பெரியம்மையின் முகம் மலர்ந்ததே தவிர, அவள் கேட்டிருந்தது வானொலியில் மட்டுமே.

ஆகவே அயல்நாடு என்பது எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி இந்தச் சாலையில் வினோதமான விடைகளைப் பெறுகிறது. நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்த வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளிக்கு, தன் குடிசைக்கு வெளியே ஓடிய பொதுச்சாலையே அயல்நாடாக இருந்தது. புலையர் குலத்தில் பிறந்தவர்கள் அதில் நடமாடக் கூடாது என்பது அந்நாளைய கட்டுப்பாடு. 1893இல் அவர் ஒரு வில்வண்டி வாங்கி, சலங்கை கட்டிய காளைகளைப் பூட்டி, தலைப்பாகையும் துவைத்த வேஷ்டியுமாக அதில் ஏறி அமர்ந்து, அந்தச் சாலையில் பகிரங்கமாகச் சவாரி செய்தார். மறித்தவர்களை எதிர்த்து நின்றார். காரின் ஜன்னலைத் திறந்துவிட்டு வயல்வெளியை ரசித்துக்கொண்டு போகிற நாமெல்லாம் அந்த வில்வண்டிக்குப் பின்னால் போகிறவர்கள்தான். அதே வட்டாரத்தில் 1878இல் பிறந்த ராமகிருஷ்ண பிள்ளையின் கதை இதற்கு நேர் எதிர். ‘சுதேசாபிமானி’ பத்திரிகையில் திவான் ராஜகோபாலாச்சாரியைத் தாக்கி எழுதியதற்காக, 1910 செப்டம்பர் 26ஆம் தேதி அவரைக் கைதுசெய்து, அச்சகத்தைப் பறிமுதல் செய்து, இதே சாலை வழியாகக் கிழக்கே அழைத்துச் சென்று, ஆரல்வாய்மொழிக்கு அப்பால் திருநெல்வேலிச் சீமையில் கொண்டு விட்டுவிட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அயல்நாடாக இருந்தது அவருக்குத் தாய்நாடு. எங்கள் தாய்நாடு அவருக்குத் தண்டனை. அவர் பிறகு ஊர் திரும்பவேயில்லை. நாடுகடத்தப்பட்ட இரண்டாண்டில் கார்ல் மார்க்ஸின் வரலாற்றை மலையாளத்தில் எழுதினார். 1916இல் கண்ணூரில் இறந்தார்.

நெய்யாற்றின்கரை ஊரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எல்லாத் தாலுகாத் தலைநகரங்களையும் போல நெரிசலும் நீதிமன்றமுமாக இருக்கிறது. கிருஷ்ணசுவாமி கோயிலுக்குள் ‘அம்மச்சிப் பிலாவு’ என்ற பலாவின் பொந்துள்ள அடிமரத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எதிரிகளான எட்டுவீட்டில் பிள்ளைமார் துரத்தியபோது இளவரசர் மார்த்தாண்டவர்மா அதற்குள் ஒளிந்து உயிர் தப்பினார் என்று கதை. பிள்ளைகளுக்கு அன்றைய பிரயாணத்தில் முழுமனதோடு பிடித்த முதல் பொருள் அதுதான். அந்த மன்னரை நாயகராக வைத்து சி.வி. ராமன் பிள்ளை எழுதிய ‘மார்த்தாண்டவர்மா’ என்னும் மலையாள நாவலும், அதே திருவனந்தபுரத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ என்னும் தமிழ் நாடகமும் ஒரே ஆண்டில், 1891இல், வெளிவந்தன. இரண்டு பாஷைகளும் ஒரே தெருவில் குடியிருந்த காலம் அது.

ஊருக்கு வடகிழக்கே நெய்யாற்றின் கரையில் அருவிப்புறம். ரம்மியம் என்ற சொல்லுக்கு முழு உரிமை பெற்ற இடம். பாறைகளுக்கு நடுவே ஆறு சுழித்துத் தெளிந்து ஓடுகிறது. அக்கரையில் காடு இறங்கி வந்து நீரைத் தொடுகிறது. நாகர்கோவிலுக்குத் தெற்கே மருந்துவாழ் மலைக் குகையில் தவமிருந்த நாராயண குரு, 1888 சிவராத்திரி இரவில் இந்த ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். ஈழவர் குலத்தவர் பிரதிஷ்டை செய்வதாவது என்று வைதிகர்கள் பதறினார்கள். ஜாதிபேதமும் மதத்துவேஷமும் இன்றி அனைவரும் சகோதரராக வாழும் இடம் இது என்ற பொருளில் அங்கே எழுதிவைத்தார்கள். அந்தக் கோயில் சபையிலிருந்தே 1903இல் ஈழவர் சமூக அமைப்பான எஸ்.என்.டி.பி. யோகம் பிறந்தது. தமிழிலும் பாடல்கள் இயற்றிய அந்த மகானின் தவக்குகை இன்று ஒரு மாநிலத்திலும், முதற் பிரதிஷ்டை மற்றொரு மாநிலத்திலும் இருக்கின்றன. அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து காலை நீரில் விட்டுக்கொண்டு, கிளம்பச் சொன்னபோதெல்லாம், ‘‘இருடே, போலாம்’’ என்றாள்.

அந்த ஆற்றின் மேற்பகுதியில் 1958இல் அமைந்தது நெய்யாறு அணை. இடதுகரைக் கால்வாய் எல்லை கடந்து விளவங்கோட்டு வயல்களுக்கும் பாய வேண்டும் என்பது ஏற்பாடு; பாய்ந்தும் வந்தது. 2004இல் கேரளம் நீரை நிறுத்திவிட்டது. 2012இல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிற்று. நெய்யாறு மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுதானா என்பதே வாதமாகிவிட்டது. மனிதர்கள் போக, தெய்வங்கள் போக, ரேஷன் அரிசி மூட்டைகூட ராத்திரியில் போக வழியிருக்கிற எல்லையில் தண்ணீர் மட்டும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நின்றுவிட்டது. விளவங்கோட்டில் நெல்லைக் கைவிட்டவர்கள் வாழையும் ரப்பரும் வைத்திருக்கிறார்கள். வரும் வழியில் நாங்கள் வியந்து பார்த்த பசுமையில் அதுவும் கலந்திருந்தது.

போக விரும்புகிறவர்களுக்குச் சில யோசனைகள். பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அதைக் கேட்டுக்கொள்ளாமல் போய் வாசலில் நிற்கிற கார்களுக்குக் குறைவில்லை. அருவிப்புறத்தில் மழைக்காலத்தில் ஆற்றில் இறங்கக் கூடாது. புரட்டாசியில் விக்கிரக ஊர்வலம் வருகிற நாளில் குழித்துறை முதல் அமரவிளை வரை வண்டி நகராது. முதல்நாளே குழித்துறையில் தங்கிவிட்டு, மறுநாள் காலையில் காரை அங்கேயே விட்டுவிட்டு, பாறசாலை வரை ஊர்வலத்தோடு நடந்தே போவது உத்தமம். கையில் குடை அவசியம். மரச்சீனி எந்தச் சாயாக்கடையிலும் கிடைக்கும். மீன்கறி மத்தியானம் ஒரு மணிக்கு மேல் தீர்ந்துவிடும்.